3சி 273: அருகிலுள்ளது என்பதல்ல அதன் சிறப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வந்த, குவாசர்கள் (தொலைதூர விண்மீன் மண்டலங்களின் மையத்தில் மிகப் பிரகாசமாக ஒளிரும் பகுதிகள்) பற்றிய கட்டுரை, கன்னி விண்மீன் குழுவில் தெரியும் 3சி 273-ஐ 'நமக்கு மிக அருகிலுள்ள குவாசர்' என்று குறிப்பிட்டிருந்தது. இது சரியன்று. மார்க்கேரியன் 231 என்ற குவாசர் அதைவிட அருகில் உள்ளது. ஏறத்தாழ 240 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருந்தும், கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் நம் வானிலேயே மிகப் பிரகாசமான குவாசராக விளங்குவதுதான் 3சி 273-இன் சிறப்பு. ஆய்வாளர்கள் அதை நாடிச் செல்வதற்கும் அதுவே காரணம்.

1962-இல் வானொலி அலைகளையும் உமிழும் 3சி 273-ஐ நிலவு மறைத்துக் கடந்தபோது, அது மறைந்த, மீண்டும் தோன்றிய நேரங்களை ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியால் அளந்து, அதன் இருப்பிடத்தை சிரில் ஹசார்டும் உடன் ஆய்வாளர்களும் துல்லியமாகக் கணித்தனர். அங்கே தெரிந்தது விண்மீன் போன்ற ஒரு புள்ளி. அதன் நிறமாலையை (ஒளியை அலைநீள வாரியாகப் பிரித்த பதிவை) அமெரிக்காவின் பாலோமர் ஆய்வகத்தில் எடுத்த வானியலாளர் மார்ட்டன் ஷ்மிட், அதிலிருந்த விளங்காத கோடுகள் ஹைட்ரஜனின் வழக்கமான கோடுகளே என்றும், அண்டம் விரிவதால் அவை சுமார் 16 சதவீதம் நீண்ட அலைநீளத்துக்கு நகர்ந்திருக்கின்றன, எனவே அப்புள்ளி நம் பால்வெளிக்கு வெகு அப்பால் இருக்கிறது என்றும் 1963-இல் கண்டறிந்தார். கட்டுரை இதை ஒரே வரியில் கடந்துவிட்டது வருத்தமே.

பழைய ஒளிப்படத் தகடுகளிலும் இப்புள்ளி பதிவாகியிருந்ததால், அதன் ஒளி ஏறி இறங்கிய வரலாற்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை பின்னோக்கித் தேட முடிந்தது. எந்த மாற்றமும் ஒளியைவிட வேகமாகப் பரவ முடியாது என்பதால், ஒளி விரைவாக மாறுகிறது என்றால் அது பிறக்கும் இடம் சிறியதாகவே இருக்க வேண்டும். ஒரு விண்மீன் மண்டலம் முழுவதையும் விஞ்சும் ஒளி அத்தனை சிறிய இடத்திலிருந்து வருவதற்கு, பெருங்கருந்துளையில் விழும் வாயு வெப்பமடைவதைத் தவிர ஏற்கத்தக்க விளக்கம் இல்லை. சிலியிலுள்ள நான்கு பெரிய தொலைநோக்கிகளின் ஒளியை இணைத்து, அந்த வாயுவின் சுழற்சியையே அளந்த ஆய்வு 2018-இல் வெளியானது. அதன்படி அக்கருந்துளையின் நிறை சுமார் 30 கோடி சூரியன்களுக்குச் சமம். மங்கலான குவாசராக இருந்திருந்தால் இந்த அளவீடு எளிதில் கைகூடியிருக்காது.

குவாசர்களைப் பெரிய ஆய்வகங்களில் மட்டுமே காண முடியும் என்ற வரியும் பொருந்தாது. எட்டு அங்குலத் தொலைநோக்கியில் 3சி 273-ஐ நான் கண்டிருக்கிறேன். பக்கத்து விண்மீன்களிலிருந்து பிரித்தறிய இயலாத வெறும் புள்ளிதான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆகவே, திருத்தம் வெளியிடும்போது அதன் இருப்பிடத்தைக் காட்டும் வான்வரைபடத்தையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்