யுரேனியம் எந்த ஊரிலிருந்து வரும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் ஈசூன் காப்பிக்கடையில் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து, சிங்கப்பூர் ஆராய்ந்துவரும் அணுமின்சாரம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கட்டணம் குறையுமா, விபத்து நடந்தால் இந்தச் சின்னத் தீவில் எங்கே ஓடுவது, கழிவை எங்கே வைப்பது என்று காப்பி ஆறும்வரை பேச்சு. யுரேனியத்தை எங்கே தோண்டுவார்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

நானாவது கேட்டிருக்க வேண்டும். 22 ஆண்டுகள் துவாசிலும் ஜூரோங்கிலும் கப்பல் பட்டறைகளில் வெல்டிங்கைக் கதிர்வீச்சால் படம் எடுத்துச் சோதித்தவன் நான். மற்றவர்கள் வேலை முடித்துப் போன ராத்திரியில், சுற்றிலும் கயிறு கட்டிவிட்டு, கதிர்வீச்சு தரும் இரிடியம் உலோகம் உள்ள பெட்டியைத் திறப்போம். சட்டைப் பையில் ஒரு பேட்ஜ் இருக்கும். மாதாமாதம் அதை வாங்கிக்கொண்டு போய், உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று கணக்கு எழுதுவார்கள். ஒருமுறை பேட்ஜை லாரியிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டேன். சூப்பர்வைசர் அன்று முழுக்க என்னைப் பெட்டிப் பக்கமே விடவில்லை. ஓவர்டைம் போச்சே என்று அப்போது கோபம்.

ஜார்க்கண்டின் ஜாதுகோடாவில் 1967 முதல் யுரேனியம் தோண்டுகிறார்கள். ஒரு டன் பாறைக்கு அரைக் கிலோ சொச்சம்தான் தேறும். மீதி அத்தனையும் மாவாக அரைபட்டுக் கழிவுக் குட்டைக்குப் போகிறது. வெறும் சக்கைதானே என்று விட்டுவிட முடியாது. யுரேனியத்தோடு பாறையில் இருக்கும் ரேடியம் போன்ற கதிரியக்கப் பொருள்கள் அதிலேயே தங்கிவிடுவதால், தாதுவில் இருந்த கதிரியக்கத்தில் சுமார் 85 விழுக்காடு சக்கையோடுதான் கிடக்கும். ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டு ஆகும். அந்தக் குட்டைப் பக்கம் ஆடு மேய்க்கும் பெண்ணுக்கு யார் பேட்ஜ் குத்திவிடுவார்கள்?

யுரேனியம் தோண்ட விட முடியாது என்று சொன்னவர்களும் உண்டு. மேகாலயாவில் ஸ்பிலிட்டி லிங்டோ என்ற மூதாட்டி, கோடிக்கணக்கில் குத்தகைப் பணம் தருகிறோம் என்றபோதும் நிலத்தைக் கொடுக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் ஜபிலுக்கா சுரங்கத்தை எதிர்த்து மிரார் பழங்குடியினர் 1998ல் மாதக்கணக்கில் மறியல் நடத்தினார்கள். 2024ல் அந்தக் குத்தகையைப் புதுப்பிக்க அரசு மறுத்தது. வேலை கிடைக்கும், கொடுத்துவிடலாம் என்பவர்களும் இப்படிப்பட்ட ஊர்களில் இருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கதிர்வீச்சு வேலையில் சம்பாதித்துத்தான் நானும் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். ஆனால் என்னிடம் சம்மதம் கேட்டார்கள், பயிற்சி கொடுத்தார்கள்.

என் மனைவியின் ஊர் கன்னியாகுமரி மாவட்டம், கிள்ளியூர்ப் பக்கம். அங்கே 1,144 ஹெக்டேரில் அணுக் கனிம மணல் எடுக்க ஒரு திட்டம் இருக்கிறது. யுரேனியத்தைவிடத் தோரியம் என்ற இன்னொரு கதிரியக்க உலோகம்தான் அதில் அதிகம், ஆனாலும் சட்டம் இரண்டையும் ஒரே பட்டியலில்தான் வைக்கிறது. 2025 செப்டம்பரில் இந்திய மத்திய அரசு, இந்த வகைச் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமே வேண்டாம் என்று விலக்கு கொடுத்துவிட்டது. அதைத் திரும்பப் பெறச் சொல்லி தமிழக முதல்வர் என்ற முறையில் ஸ்டாலின் அப்போது பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மச்சான் போனில் சொன்னார்: "கூட்டத்துல போய் நாலு வார்த்தை பேசலாம்னு இருந்தோம். கூட்டமே இல்லன்னா எங்க போய்ப் பேச?"

நம் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் வருகிறது. வேறு வழி தேடத்தான் வேண்டும், சரி. அணு உலை வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. 2007ல் இந்தோனீசியா மணல் ஏற்றுமதியை நிறுத்தியபோதுதான், நம் வீடுகளுக்கு யார் ஊர் மணல் வருகிறது என்றே நம்மில் பலர் யோசித்தோம். இந்த முறை வாங்குவதற்கு முன்னாலேயே யோசிக்கலாம். எரிபொருள் எந்தச் சுரங்கத்திலிருந்து வரும், அந்த ஊர்க்காரர்களைக் கேட்டார்களா என்பதும் இங்கே நடக்கும் ஆய்வில் இடம்பெற வேண்டும்.

அப்புறம், நீங்களும் அடுத்த முறை அணுசக்தி பற்றிக் கட்டுரை போடும்போது சுரங்கத்துக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பட்டறைத் தொழிலாளி,
ஈசூன்