யோசனைக்கு எத்தனை புள்ளி? தோட்டங்களுக்கு ஆய்வுக்கு வருவோருக்கு ஒரு திறந்த மடல்

தோட்டப் பெண்களின் மனவழுத்தத்தை அளக்க வரும் பல்கலைக்கழக ஆய்வுக் குழுக்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும்,

வணக்கம். நுவரெலியா, ஹட்டன், பதுளைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் உங்கள் வினாக்கொத்துகளை லயம் லயமாக (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) கொண்டுபோய் நிரப்பித் தருகிறவர்கள் நாங்கள். படிவம் எங்கள் கைக்கு வரும்போது அச்சாகி முடிந்திருக்கிறது. அதற்கு முன்பே கேட்டிருந்தால் சொல்லியிருக்கக்கூடியவற்றை இங்கே எழுதுகிறோம்.

கஷ்டத்தை ஒருவர் எப்படிச் சமாளிக்கிறார் என்று பார்க்க உளவியலாளர் சார்ள்ஸ் கார்வர் 1997இல் வெளியிட்ட 'பிரீஃப் கோப்' அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். 28 கூற்றுகள், 14 சமாளிக்கும் முறைகள், முறைக்கு 2 கூற்று, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை புள்ளி. திட்டமிடலுக்கான ஒரு கூற்றைத் தமிழாக்கினால் 'என்ன செய்யலாம் என்று கடுமையாக யோசித்தேன்' என்று வரும். இங்கே யோசனை என்றால் கவலை. "ஒரே யோசனைங்க, ராவுல தூக்கமில்ல" என்கிறவள் திட்டம் எதுவும் போடவில்லை, அடகுக்கடைச் சீட்டை நினைத்து வேகிறாள். ஆனால் அவளுக்கு 4 விழுகிறது. உங்கள் கணினியில் அவள் நன்றாகச் சமாளிக்கிற பெண்! பின்மொழிபெயர்ப்பில் இது பிடிபடாது. திருப்பி ஆங்கிலமாக்குகிறவரும் பள்ளிக்கூடத் தமிழில்தானே படிக்கிறார். "மொதல்ல இதச் செய்வோம், அப்புறம் அதச் செய்வோம்னு மனசுக்குள்ள ஒழுங்கு பண்ணிக்கிட்டீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள்.

'அதோடு வாழப் பழகினேன்' என்பது ஏற்றுக்கொள்ளல். 'முயற்சியை விட்டேன்' என்பது கைவிடல். படிவத்தில் இரண்டும் வேறு வேறு முறைகள். லயத்தில் இரண்டுக்கும் ஒரே பதில்: "என்னங்க செய்ய, விட்டாச்சு." விட்ட பிறகு மனசு லேசாச்சா கனமாச்சா என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டு ஓரத்தில் குறியுங்கள். கவனத்தைத் திருப்புதலுக்குச் சினிமா, டீவி, கடைத்தெரு எல்லாம் உதாரணமாம். சினிமாவையும் கடைத்தெருவையும் விட்டு, டீவி நாடகத்தையும் மலையில் நிரைக்கு நிரை நடக்கும் பேச்சையும் போடுங்கள். போதைப்பொருள் கேள்வியில் மதுவைக் கேட்கிறீர்கள், மடியில் இருக்கிற வெற்றிலை புகையிலையைக் கேட்பதில்லை.

ஆகவே அச்சிடுமுன் 8, 10 பெண்களிடம் கூற்றுகளை ஒவ்வொன்றாக வாசித்து, "இத உங்க வாயால சொல்லுங்க" என்று கேளுங்கள். அதற்கு இரண்டு பின்னேரம் போதும். 1 முதல் 4 வரையான புள்ளியை வாயால் விளக்குவதைவிட நான்கு தேத்தண்ணிக் கிளாஸ் வரைந்து காட்டுவது நல்லது: வெறுமை, கொஞ்சம், பாதி, நிறைவு.

மனவழுத்த அளவுக்கு PSS-10 என்ற 10 கேள்விப் படிவம் கொண்டுவருகிறவர்கள், நல்லதைக் கேட்கிற 4, 5, 7, 8 ஆகிய நான்கையும் தலைகீழாகப் புள்ளியிட வேண்டும். எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" சொன்னவரை அங்கேதான் கண்டுபிடிக்கலாம்: தலைகீழாக்குவதற்கு முன் நல்லதற்கும் கெட்டதற்கும் ஒரே உயர்ந்த புள்ளி இருக்கும். அதில் வரும் 'கடந்த மாதம்' என்பதைச் சம்பளத்தோடு முடிச்சுப் போடுங்கள். "போன சம்பளத்துலருந்து" என்றால் நாள் கணக்கு தெளிவாகிறது. சம்பளம் 10ஆம் திகதியை ஒட்டி வருவதால் 12ஆம் திகதி கேட்ட தோட்டத்தையும் 28ஆம் திகதி கேட்ட தோட்டத்தையும் ஒப்பிட வேண்டாம். தீபாவளி முற்பணம் கழிக்கும் மாதங்களைத் தனியே குறியுங்கள்.

இடமும் நேரமும் இதைவிடப் பெரிய சிக்கல். கடைசி நிறுவையில் கொழுந்து கிலோ குறைந்து அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) விழுந்தவளை இறங்குகிற வழியிலேயே மறித்துக் கேட்டால் அன்றைய தராசைத்தான் அளப்பீர்கள். வீட்டுக்குப் போனாலோ தண்ணி, அடுப்பு, பிள்ளை. லயத்துக் காம்பராவில் நடுச்சுவர் பல இடங்களில் கூரைவரை போவதில்லை; புருஷனின் குடியைப் பற்றிய பதில் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துச் சொல்கிற பதில். பின்னேரம் காலியாகும் பிள்ளை மடுவம் (பிள்ளைக் காப்பகம்) தோதான இடம். தோட்ட ஆபீசில் மட்டும் உட்கார வைக்காதீர்கள். துரை (தோட்ட முகாமையாளர்) அனுமதி தந்த கடிதத்தை முதலில் காட்டினால், மறுக்க முடியாது என்று நினைத்துக்கொள்வார்கள். "வேணாம்னா பேர் வெட்ட மாட்டாங்க" என்பதை அந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள்.

28 கூற்றையும் கூட்டி 'சமாளிப்புப் புள்ளி' என்று ஒன்று போடாதீர்கள். அந்த அளவுகோலுக்கு மொத்தப் புள்ளி கிடையாது என்று கார்வரே சொல்லியிருக்கிறார். கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க, 2 கூற்று மட்டும் உள்ள பிரிவுக்கு குரோன்பாக் அல்பாவைவிட ஸ்பியர்மன்-பிரவுன் பொருத்தம்.

பேசும்போது உடைந்து அழுகிறவர் இருப்பார். படிவத்தை மூடிவிடுங்கள். 1926 மனநல உதவி எண், 1938 பெண்களுக்கான எண். இரண்டையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பதற்கு முன் நீங்களே அழைத்துப் பாருங்கள், தமிழில் யாராவது பேசுகிறார்களா என்று. அந்த நேரத்தில் லயத்தடியில் சிக்னல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இப்படிக்கு,
தோட்டக் களப்பணியாளர்கள்