பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டுப் போ

மன்னார்குடி
ஆவணி கடைசி வாரம்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கு நானும் அப்பாவும் சௌக்கியம். குறுவை அறுத்தாகிவிட்டது. ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் கொள்முதலில் எடுக்க மாட்டார்கள் என்று அப்பா ரோட்டோரத்திலேயே நெல்லைப் புரட்டிக்கொண்டு கிடந்தார். இப்போது மூட்டை போய், பணமும் ஏறிவிட்டது. தாளடி உழவுக்கு டிராக்டர் சொல்லியாயிற்று. ஆக, புரட்டாசியில் எங்களுக்கு வேலை இருக்குமே என்று நீ சாக்குச் சொல்ல முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். காலாண்டு லீவில் உன் காலேஜ் கூட்டாளிகள் தஞ்சாவூரில் கூடுகிறார்கள், சிங்கப்பூர்க்காரியும் வருகிறாள், எல்லாரும் ஜோடியாக வருவது, பிள்ளைகளைக் கூட்டி வருவதில்லை என்று பேச்சு. இவ்வளவும் மாப்பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ சொன்னது "பாக்கலாம்மா" மட்டும். அதற்குள் சின்னவள் போனைப் பிடுங்கி, விழுந்த பல்லின் ஓட்டையைக் காட்ட ஆரம்பித்துவிட்டாள். பிறகு பெரியவன். பிறகு குக்கர் விசில். நம் பேச்சு முடிந்துபோயிற்று. அதனால்தான் எழுதுகிறேன். இதை யாரும் உன் கையிலிருந்து பிடுங்க மாட்டார்கள். மாப்பிள்ளையிடமும் காட்டு.

பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டுப் போ. வெள்ளிக்கிழமை ராத்திரி எழும்பூரில் மன்னை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிந்ததும் வீட்டில் இருப்பீர்கள். குளித்து, நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு வடுவூர் வழி பஸ்ஸைப் பிடித்தால் பத்து மணிக்கெல்லாம் தஞ்சாவூர். ஞாயிறு சாயந்திரம் திரும்பினால் போதும், ராத்திரி அதே ரயில். இடையில், நாற்பது கிலோமீட்டர்தானே, ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி வந்து நிற்காதே. உன்னைத் தெரியும், அதனால் சொல்கிறேன். வந்தால் கதவைத் திறக்க மாட்டேன். போன் வேண்டுமானால் ராத்திரி ஒரு தடவை பண்ணு, அதுவும் சின்னவள் தூங்கின பிறகு. உன் முகத்தைப் பார்த்தால்தான் அவளுக்கு அழுகை வரும். பார்க்காவிட்டால் தாத்தாவின் மீசையை இழுத்துக்கொண்டே தூங்கிவிடுவாள்.

மாமியார் என்ன சொல்வார்களோ என்று மனதுக்குள் ஓடும். "பிள்ளைங்கள விட்டுட்டு ஊர் சுத்தப் போறா" என்று யாராவது சொல்லத்தான் சொல்வார்கள். மாப்பிள்ளை ஆபீஸ் வேலையாக வாரக்கணக்கில் ஐதராபாத் போய் உட்காருகிறாரே, பிள்ளைகளை யார் பார்க்கிறார்கள் என்று அவரை எவராவது கேட்டதுண்டா? சம்பந்தியம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அவர்கள் நல்ல மனுஷிதான். ஆனால் நாம் முந்திச் சொல்லிவிட வேண்டும், இன்னொருத்தர் வாயால் காதுக்குப் போனால்தான் வம்பு.

போன தை மாசம் நானும் அப்பாவும் தஞ்சாவூர் போய்த் தங்கினோமே, அதை உன்னிடம் முழுசாகச் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

குந்தவை நாச்சியார் காலேஜில் என்னோடு ஹிஸ்டரி படித்தவர்கள், ஹாஸ்டலில் ஒரே ரூமில் இருந்தவர்கள், எல்லாருமே ரிட்டயர் ஆகிற வயது. பட்டுக்கோட்டைக்காரிதான் எங்கிருந்தோ நம்பரெல்லாம் பிடித்துக் கூப்பிட்டாள். அவரவர் வீட்டுக்காரரோடு வர வேண்டும் என்று கட்டளை. அப்பா முதலில் முறுக்கிக்கொண்டார். "உன் கூட்டாளிங்க நடுவுல எனக்கு என்ன வேலை? மாட்டை யார் பாக்குறது?" மாட்டைப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினோம். உங்கள் பாட்டி இருந்தவரை நாங்கள் ஒரு ராத்திரி சேர்ந்தாற்போல் வெளியில் தங்கியதில்லை, கல்யாணம் காட்சி தவிர. அது யார் மேலும் குறையில்லை, வீடு அப்படி இருந்தது. ஆனால் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜில் பையை வைத்துவிட்டு, "அடுத்து என்ன?" என்று நாங்கள் இருவரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம் பார். உலை வைக்க வேண்டாம், யாருக்கும் மாத்திரை எடுத்துத் தர வேண்டாம். கொஞ்ச நேரம் எனக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

சாயந்திரம் பெரிய கோயிலில் கூடினோம். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், சாத்தாவிட்டாலும் அந்தக் கல்லில் கால் வைக்க முடியாது. நீங்களும் நாலு மணிக்கு மேல் போங்கள். பட்டுக்கோட்டைக்காரி பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்தவள், பழைய எழுத்து வாசிப்பாள். ஆனால் கண் மங்கல். அப்பாவுக்கு அப்போது கண்புரை ஆபரேஷன் ஆகி ஆறு மாசம், பார்வை பளிச்சென்று இருந்தது. விமானத்தின் அடியில் இருக்கிற கல்வெட்டில் அப்பா ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவி "இது இப்படி வளைஞ்சிருக்கும்மா" என்பார், அவள் "அது 'க'ண்ணே" என்பாள். இப்படியே ஒரு வரி படித்து முடித்தார்கள். தான் கொடுத்தது, அக்கா கொடுத்தது, பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லிலே வெட்டச் சொன்ன ராஜா என்று அவள் ஆரம்பித்தாள். கோயிலில் ஆடுகிற தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கும் பேர் போட்டு, எந்தத் தெரு எந்த வீடு என்று எழுதி, ஆளுக்கு வருஷம் நூறு கலம் நெல் என்று வெட்டியிருக்கிறது என்றாள். நூறு கலம் என்றதும் அப்பா நிமிர்ந்துவிட்டார். "எந்த மரக்கால் அளவாம்?" என்றார். எங்கள் புரொபசர்கூட அப்படிக் கேட்டிருக்க மாட்டார். "ஆடவல்லான்னு பேர் வச்ச மரக்கால், அதுவும் கல்வெட்டுல இருக்கு" என்று அவள் சொன்னாள், பிறகு அவர்கள் இருவரும் நெல் கணக்கில் இறங்கிவிட்டார்கள். நாங்கள் மற்றவர்கள் நந்தி பக்கம் போய் உட்கார்ந்து பேசினோம்.

ராத்திரி சாப்பாட்டில்தான் கூத்து. நான் ஹாஸ்டல் வார்டன் மாதிரி பேசிக் காட்டுவேன் என்பதைத் திருச்சிக்காரி போட்டு உடைத்துவிட்டாள். விளக்கணைத்த பிறகு வராந்தாவில் நின்று நான் அந்தக் குரலில் அதட்டியதும், மூன்று ரூம்காரிகள் புஸ்தகத்தை மூடிவிட்டுப் படுத்ததும்! அப்பா நம்பவே இல்லை. செய்து காட்டச் சொன்னார். ஓட்டல் என்றும் பார்க்காமல் செய்தேன். சர்வர் பையன் தட்டோடு நின்றுவிட்டான். அப்பா சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார். இன்றைக்கும் நான் கொஞ்சம் குரல் உயர்த்தினால் "சரிங்க வார்டனம்மா" என்கிறார். எனக்குக் கோபம் வருவதில்லை.

அந்த இரண்டு நாளில் நாங்கள் பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. உன்னைப் பற்றி, தம்பியைப் பற்றி, வயலைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை என்பது பஸ் வடுவூர் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. நீங்களும் ராத்திரி உட்கார்ந்து ஸ்கூல் பீஸ், வீட்டு லோன் என்று ஆரம்பிக்காதீர்கள்.

உன் கூட்டாளிகளில் யாராவது, கார்தான் இருக்கிறதே, ஒன்பது கிரகத்தையும் ஒரே நாளில் சுற்றிவிடலாம் என்பார்கள். திங்களூர் ஒரு கோடியில், திருநள்ளாறு ஒரு கோடியில், கீழப்பெரும்பள்ளம் கடல் பக்கம். நாள் முழுக்கக் காரிலேயே போய்விடும், யாரும் யாரோடும் பேசியிருக்க மாட்டீர்கள். கிரகங்கள் அங்கேயேதான் இருக்கும். பேசாமல் திருவையாறு போங்கள். தஞ்சாவூரிலிருந்து அரை மணி. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம் தாண்ட வேண்டும். ஆற்றில் தண்ணீர் ஓடுகிற மாசம், மெதுவாகப் போகச் சொல். புஷ்ய மண்டபப் படித்துறையில் உட்காருங்கள். அசோகா வாங்கினால் சூடாக வாங்கு, பாசிப்பருப்பு அல்வா ஆறினால் வேறு ருசி. தியாகராஜர் சமாதிக்குப் போனால், எதிரே கும்பிட்டபடி இருக்கிற சிலையைப் பார்க்காமல் வராதே. அது பெங்களூர் நாகரத்தினம்மாள். சமாதிக்குக் கோயில் எழுப்பியது அந்த அம்மாள்தான். ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லை என்றிருந்த காலத்தில் சண்டை போட்டு இடம் வாங்கினவர். மாப்பிள்ளையோடு தனியாகப் போனால் இன்னும் நல்லது. கூட்டாளிகள் ஞாயிற்றுக்கிழமை லேட்டாகத்தான் எழுந்திருப்பார்கள்.

புரட்டாசி சனிக்கிழமை என்பது ஞாபகம் இருக்கட்டும். கூட்டாளிகளோடு பிரியாணி கடைக்குப் போனால் என்னிடம் சொல்லாதே, அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்கு இங்கே ஒரு குறையும் வராது. ராஜகோபாலசாமி கோயிலில் கூட்டம் இருக்கும், அதனால் காலையிலேயே கூட்டிப்போய்ச் செங்கமலத்தைக் காட்டிவிடுவேன். யானைக்கு பாப் கட் வெட்டியிருப்பதைப் பார்த்த நாளிலிருந்து சின்னவள் தனக்கும் அப்படியே வேண்டும் என்கிறாளாம், மாப்பிள்ளை சொன்னார். வெட்டிவிட மாட்டேன், பயப்படாதே. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது என்று உனக்குப் பயம் இருக்கும். அப்பா இல்லாமல் பெரியவன் கொல்லைக் கதவைத் தாண்ட மாட்டான், இது என் பொறுப்பு. நீச்சல் கற்றுத் தருகிறேன் என்று அப்பா குதிப்பார், அதற்கு இன்னொரு தடவை வரட்டும். மொபைலைக் கேட்டு அழுதால் கொஞ்சம் கொடுப்பேன். அதற்காக நீ அங்கே இருந்து சட்டம் பேசக் கூடாது.

சின்னவளுடைய இருமல் மருந்து, அவள் கட்டிக்கொண்டு தூங்குகிற பழைய துணி, இரண்டும் மறக்காதே. மற்றது எல்லாம் இங்கே இருக்கிறது. உனக்கு அந்தக் கருநீலப் புடவை எடுத்துக்கொள், நன்றாக இருக்கும்.

டிக்கெட்டை இன்றைக்கே பார். லீவு நாளில் மன்னையில் கடைசி நேரத்தில் இடம் கிடைக்காது. திரும்புவதற்கு உங்கள் இரண்டு பேருக்கு மட்டும் போடு. லீவு முடிகிறபோது அப்பாவே பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார். அவரிடம் இன்னும் கேட்கவில்லை, ஆனால் பையை இப்போதே பரணிலிருந்து இறக்கி வைத்திருக்கிறார்.

அன்புடன்,
அம்மா