ஸ்கேல் வைத்துத் தைக்கும்போது அறும் நூல்

அன்புள்ள கண்ணுக்கு,

நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது. ஸ்கேல் வைத்துத் தைக்கும்போது நூல் அறுகிறது என்று நீ அனுப்பிய வீடியோவை ராத்திரி நிதானமாகப் பார்த்தேன். க்வில்ட், அதான் அந்தப் பஞ்சுப் போர்வை, நன்றாக வந்திருக்கிறது. அந்த மஞ்சள் பார்டர் உன் யோசனையா, மாப்பிள்ளை யோசனையா? பனியன் கம்பெனி மெஷின்களோடு மாரடிக்கிற எனக்கு துணிமேல் அக்ரிலிக் ஸ்கேலை வைத்து அதன் ஓரமாகத் தைக்கிற இந்த வேலை புதுசு. ஆனாலும் ஊசியும், அடியில் நூலைப் பிடிக்கிற ஹூக்கும் எங்கே போனாலும் ஒரே மாதிரிதான் வேலை செய்யும்.

நூல் அறுந்ததும் உன் கை நேராக, நூலின் இறுக்கத்தை மாற்றுகிற டென்ஷன் திருகுக்குத்தான் போகிறது. அதைக் கடைசியில் தொடு. அறுந்த முனையை முதலில் பார். முனை சுத்தமாக இருந்தால் நூல் எங்கோ மாட்டி இழுபட்டிருக்கிறது: நூல்கண்டின் ஓரத்து வெட்டில் சிக்கியிருக்கும், இல்லையென்றால் நூலை ஏற்றி இறக்குகிற மேல் லீவரிலிருந்து கழன்றிருக்கும். துணிமேல் இறங்குகிற புட்டைத் தூக்கிவைத்து, முதலிலிருந்து மறுபடி கோத்தாலே பாதி நாள் சரியாகிவிடும். புட் கீழே இருக்கும்போது கோத்தால் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் நடுவில் போய் உட்காராது.

நீ படம் எடுத்து அனுப்பிய முனை பிரிபிரியாக இருக்கிறது. அப்படியென்றால் நூல் எங்கோ உராய்கிறது. ஒரு துண்டு நூல் தையலாக விழுவதற்குள் ஊசிக் கண் வழியாகப் பலமுறை மேலும் கீழும் போய்வரும். கண் சின்னதாக இருந்தால் அதற்குள் நார் நாராகப் பிரிந்துவிடும். இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. ஊசியைக் கழற்றி, ஒரு முழம் நூலில் கோத்து, நூலின் இரு முனையையும் சரிவாக இழுத்துப் பிடி. ஊசி தானே வழுக்கி இறங்க வேண்டும். நடுவில் நின்றால் அந்த நூலுக்கு அந்த ஊசி ஆகாது. 14ஆம் நம்பர் டாப்ஸ்டிச் ஊசி போட்டுப் பார், அதன் கண் நீளமானது. பேட்டிக் துணியின் நெசவு நெருக்கம், அங்கே 16 கூடத் தேவைப்படலாம். துணி அடுக்குகளை ஒட்ட ஸ்பிரே அடித்திருந்தால் ஊசியில் பிசின் ஏறும், அவ்வப்போது துடைத்துவிடு.

எனக்கு உறுத்தியது இன்னொன்று. க்வில்டின் பாதி மேஜையைத் தாண்டித் தொங்குகிறது. துணியைத் தள்ளுகிற அடிப்பல்லை இறக்கிவிட்டதால் இப்போது துணியை நகர்த்துவது உன் கை மட்டும்தான். தொங்குகிற கனம் ஒரு பக்கம் இழுக்கிறது, ஊசி துணிக்குள் இருக்கும்போதே நீ மறுபக்கம் தள்ளுகிறாய். ஊசி வளையாமல் என்ன செய்யும்? வளைந்த ஊசியை ஹூக் முனை உரசும், கூடவே நூலையும் சீவிவிடும். வளைவின் ஒரு பக்கத்தில் மட்டும் திரும்பத் திரும்ப அறுவது இதனால்தான் என்று நினைக்கிறேன். பக்கத்தில் இன்னொரு மேஜை போட்டு முழுக் கனத்தையும் அதன்மேல் ஏற்று. அந்தத் திசையில் போகும்போது கையை நிதானமாக ஓட்டு, வெடுக்கென்று இழுக்காதே.

ஸ்கேலைத் துணிமேல் கீழ்நோக்கி அழுத்து, புட்டின்மேல் சாய்த்து நெருக்காதே. புட்டின் விளிம்பு ஊசியிலிருந்து கால் அங்குலம் தள்ளித்தான் இருக்கிறது. கட்டம் போடுகிற மெல்லிய ஸ்கேலை வைத்து ஒப்பேற்றாதே. அது புட்டுக்கு அடியில் நுழைந்து ஊசியில் அடித்தால், ஊசியும் ஹூக்கும் சந்திக்கிற டைமிங்கே போய்விடும். ஏற்கெனவே ஊசி உடைந்திருக்கிறதா? அப்படியானால் ஊசி இறங்குகிற பிளேட் துளையின் ஓரத்தில் கொஞ்சம் பஞ்சைத் தேய்த்துப் பார். இழை மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. மிக நைசான எமரித் தாளால் லேசாக வழித்துவிடு. ஹூக்கில் பிசிறு இருந்தால் நீ கை வைக்காதே, மெக்கானிக்கிடம் கொடு.

இத்தனைக்கும் பிறகும் அறுந்தால் மேல் டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்து, அடியில் கண்ணி தெரியாத அளவுக்கு.

என் பெட்டியிலிருந்து ஊசி அனுப்பலாமா என்று அம்மா கேட்டாள். கம்பெனி மெஷின் ஊசியின் தண்டு உருண்டையாக இருக்கும், வீட்டு மெஷினுக்குத் தட்டைத் தண்டு வேண்டும். அதனால் அங்கேயே வாங்கிக்கொள். அம்மா பருப்புப்பொடியும் ஊறுகாயும் கட்டிவைத்திருக்கிறாள், அடுத்த வாரம் பார்சல் போடுகிறேன்.

அன்புடன்,
அப்பா
திருப்பூர்