கையெழுத்தோடு நிறுத்திவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வயது வந்தோர் கல்வி பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையில், நாற்பது தாண்டியவர்களுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தாலே போதும், அதற்கு மேல் ஏறாது என்று எழுதியிருந்தார்கள். என் அம்மாவைப் பார்த்து வளர்ந்த என்னால் இதை ஏற்க முடியவில்லை.

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் வந்தபோது அம்மாவுக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. பகலெல்லாம் குவாரியில் ஜல்லி உடைத்துவிட்டு வந்து, எங்களுக்குச் சோறு போட்டுவிட்டு, அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு கோயில் திண்ணைக்குப் போவார். பாடம் நடத்தியது எங்கள் தெருவில் பத்தாவது முடித்திருந்த அக்கா. முதல் சில வாரம் தூக்கம்தான் வந்ததாம். அப்புறம் ஒரு சனிக்கிழமை, மேஸ்திரியின் கூலி நோட்டை எட்டிப் பார்த்து, "ஆறு நாள் வந்தேன், அஞ்சுன்னு போட்டிருக்கே" என்று கேட்டுவிட்டார். அன்றைக்குப் பிறகு ஒரு நாள்கூட வகுப்புக்கு மட்டம் போடவில்லை.

அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் பயிற்சியையும் அறிவொளியோடு சேர்த்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள், அம்மாவும்தான், முட்டி பெயர விழுந்து விழுந்து. கடைசியில் ஆண்கள் சைக்கிளின் பாரில் தம்பியை உட்காரவைத்துச் சந்தைக்குப் போனார்.

ஆனால் அதே திண்ணையில் படித்த பெரியம்மாவுக்கு இரண்டே வருடத்தில் எல்லாம் மறந்துவிட்டது. அம்மாவைவிட வேகமாகப் படித்தவர் அவர். எங்கள் வீட்டில் நான் பள்ளிப் புத்தகம் கொண்டுவருவேன், அம்மா எழுத்துக்கூட்டிப் படிப்பார். பெரியம்மா வீட்டில் படிக்கிற பிள்ளை இல்லை, ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

2022-இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் இப்போது 15 வயதுக்கு மேற்பட்டவர்கள் படித்துத் தேர்வு எழுதுகிறார்கள். நல்ல காரியம். சரி, சான்றிதழ் வாங்கியவர் மறுநாள் எதைப் படிப்பார்? ஊர்ப்புற நூலகங்களில் பெரிய எழுத்துப் புத்தகங்கள் வேண்டும், நூறு நாள் வேலை முடித்து வருகிறவர்களுக்காக மாலையில் திறந்திருக்கவும் வேண்டும். இதைப் பற்றி உங்கள் நாளிதழ் எழுத வேண்டும்.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, தினமும் உங்கள் நாளிதழைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறார். உள்பக்கங்களில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்லி உங்களுக்கு எழுதச் சொன்னார்.

– ஒரு வாசகி, கீரனூர்