ஐரோப்பிய வாக்காளரை மட்டும் குறை சொல்லலாமா?

ஆசிரியருக்கு,

ஐரோப்பிய ஒன்றியம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அங்கே மக்களாட்சி மெலிந்துபோனதற்கு வாக்காளர்களின் அலட்சியமே காரணம் என்கிறது. ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் 1979இல் சுமார் 62 சதவீதமாக இருந்த வாக்குப்பதிவு 2024இல் 51 சதவீதத்தைத் தாண்டவில்லை. சரி, ஓட்டுப் போட்டு என்ன மாறியது என்று அவர்கள் திருப்பிக் கேட்டால்?

2019இல் நடந்ததைப் பாருங்கள். கட்சிகள் முதன்மை வேட்பாளரை அறிவித்துப் பிரசாரம் செய்தன. அவர்களில் ஒருவரே ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஆணையத்தின் தலைவராக வேண்டும் என்று ஐரோப்பிய நாடாளுமன்றமும் சொல்லியிருந்தது. தேர்தலில் முதலிடம் பிடித்த ஐரோப்பிய மக்கள் கட்சியின் வேட்பாளர் மான்ஃப்ரெட் வெபர். கடைசியில் உறுப்பு நாடுகளின் தலைவர்கள் மூடிய அறையில் பேரம் பேசி, பிரசாரத்தில் பெயரே அடிபடாத உர்சுலா ஃபொன் டெர் லையனை நிறுத்தினார்கள். அதே நாடாளுமன்றம், தேவைக்கு மேல் 9 ஓட்டு கூடுதலாகப் போட்டு அவரை ஏற்றுக்கொண்டது! 2024இல் அவரே முதன்மை வேட்பாளர் என்பதால் சிக்கல் வரவில்லை, அவ்வளவுதான்.

பொதுவாக்கெடுப்புகளின் கதையும் இதுதான். ஐரோப்பிய அரசியல் சாசனத்தை 2005இல் பிரான்ஸும் நெதர்லாந்தும் நிராகரித்தன. அதன் பெரும்பகுதி லிஸ்பன் ஒப்பந்தமாகத் திரும்பி வந்தபோது அந்த இரு நாட்டு மக்களையும் யாரும் கேட்கவில்லை. அயர்லாந்தில் மட்டும் கேட்டார்கள். 2008இல் 'வேண்டாம்' என்றது. சில உறுதிமொழிகள் கொடுத்து 2009இல் மறுபடி கேட்டார்கள். முதல் தடவையே 'சரி' என்றிருந்தால் இரண்டாவது வாக்கெடுப்பு நடந்திருக்குமா?

நாடாளுமன்றத்தில் ஜெர்மனிக்கு 96 இடம், குட்டி மால்டாவுக்கு அதன் மக்கள்தொகைக்கு மிஞ்சி 6 இடம் என்ற ஏற்றத்தாழ்வைக் கட்டுரையாளர் பெரிதாகப் பேசுகிறார். எனக்கு அது அவ்வளவு பெரிய குறையாகத் தெரியவில்லை. சிறிய நாட்டுக்குக் கொஞ்சம் தாராளம் காட்டாமல் இப்படியோர் ஒன்றியத்தை நடத்த முடியாது. அந்த 720 நாடாளுமன்ற உறுப்பினர்களும் பொதுவாகச் சொந்தமாக ஒரு மசோதாகூடக் கொண்டுவர முடியாது என்பதல்லவா பெரிய குறை? அந்த உரிமை ஆணையத்திடம் இருக்கிறது.

கட்டுரையாளர் தொடாமல் விட்டது தேசிய அரசுகளை. ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸில் நடக்கும் கூட்டங்களில் உட்கார்ந்து சட்டங்களுக்குக் கை தூக்குவது அந்தந்த நாட்டு அமைச்சர்கள்தான். ஊர் திரும்பியதும், "நாங்கள் என்ன செய்ய, பிரஸ்ஸல்ஸ் சொல்லிவிட்டது" என்று கையை விரிப்பவர்களும் அவர்களே. முதன்மை வேட்பாளர் முறையை ஒன்றியத்தின் ஒப்பந்தத்தில் எழுதிவைக்கத் தடையாக நிற்பதும் இதே அரசுகள்தான். அடுத்த தேர்தல் 2029இல். அலட்சியம் என்று யாரையாவது திட்ட வேண்டுமானால் இவர்களிடமிருந்து ஆரம்பிக்கலாம்.

– ஒரு வாசகர், தஞ்சாவூர்