முதல் ஆர்டரை ஏற்பதற்கு முன்

அன்பு மகளுக்கு,

திருப்பூரில் நீ வாடகைக்கு எடுத்த கட்டடத்தில் தையல் இயந்திரங்கள் வந்து இறங்கிய செய்தி அப்பாவுக்கும் எனக்கும் மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. முதல் ஜாப் ஒர்க் ஆர்டரை, அதாவது ஆர்டர் தருபவரின் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வேலையை, வாய்ப்பேச்சிலேயே ஏற்கப் போவதாக நீ சொன்னதால் இதை எழுதுகிறேன்.

ஆர்டர் தருபவர் நல்லவரா என்பது இங்கே கேள்வியே அல்ல. வாய்மொழி ஒப்பந்தமும் சட்டப்படி செல்லும். ஆனால் பேசியது இன்னதென்று நிரூபிக்கும் பாரம் பணம் கேட்டு நிற்கும் உன்மீதுதான் விழும்.

நான் அதிகம் அஞ்சுவது, குறை சொல்லி உன் பில் தொகையில் கழிக்க அவர் அனுப்பும் டெபிட் நோட்டைத்தான். தைத்து அனுப்பிய பிறகு எண்ணெய்க் கறை, அளவு வித்தியாசம், பீஸ் குறைவு என்று அது வரும்போது, கறை துணியிலேயே இருந்ததா, உன் யூனிட்டில் பட்டதா என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே, வெட்டிய பீஸ்களை இருதரப்பும் எண்ணிப் பார்த்து, சரக்கோடு வரும் சீட்டான சலானில் கையெழுத்திட வேண்டும் என்றும், செக்கிங் எங்கே, யார் முன்னிலையில் நடக்கும் என்றும், எத்தனை சதவீதம் வரை ரிஜெக்‌ஷன் ஏற்கப்படும் என்றும் முன்பே எழுதிக்கொள். அந்த அளவைத் தாண்டினால் கழிக்கப்படுவது தையல் கூலி மட்டுமா, ஆடையின் முழு விலையுமா என்பதைக் கட்டாயம் எழுது. முழு விலை என்றால், ஒரு பீஸ் பழுதானாலும் பல பீஸ்களின் கூலி அதோடு போய்விடும். துணியோ லேபிளோ தாமதமாக வந்தால் உன் டெலிவரி தேதியும் அத்தனை நாள் தள்ளிப்போகும் என்ற வரியும் அதில் இருக்கட்டும்.

பணம் தரும் நாளையும் குறிப்பிடு. குறு, சிறு நிறுவனங்களுக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டம் துணைநிற்கிறது: எழுத்தில் தவணை இருந்தாலும் அது சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாட்களைத் தாண்டக்கூடாது, தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு கூட்டு வட்டி உண்டு. சரக்கில் குறையென்றால் வாங்கியவர் 15 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்காவிட்டால், டெலிவரி நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. இவற்றைக் கேட்க உனக்கு உத்யம் பதிவு, அதாவது இத்தகைய நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு, வேண்டும். முதல் பில் போடுவதற்கு முன்பே அதை முடித்துவிடு, கண்ணு.

பெரிய பத்திரம் தேவையில்லை, ஒரு பக்கம் போதும். வரைவை எழுதி வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு அனுப்பு. கூலி விகிதம் முடிவாகாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டே அனுப்பு, மற்ற வாசகங்களை நான் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா